சேர் பொன்னம்பலம் இராமநாதன்: இரண்டு கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகமும்

விடுமுறைக்கு ஊர் வரும் எம்மவர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வருவார்கள். காங்கேசன்துறை வீதியால் தாவடி, இணுவில் கடந்து மருதனார்மடச் சந்தி வந்ததும் வாகனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கல்லூரி மதிலையும் வாசலையும் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அடுத்த நாள் அதே பிள்ளைகளைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் காட்டுவார்கள். இரண்டும் ஒரே மனிதர் வாங்கிய காணிகள், ஒரே மனிதர் எழுப்பிய சுவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் குறைவு. எமக்கே அது மறந்துபோகிறது.

ஸ்தாபகர் தினத்தில் ஆண்டுதோறும் அவரது படத்துக்கு மாலை சூட்டியிருக்கிறோம், பேச்சுப் போட்டிக்கு அவரது வாழ்க்கையை மனனம் செய்திருக்கிறோம். அந்தப் பேச்சுகளில் அவர் எப்போதும் ஒரு மகானாகவே வருவார். இந்த நூற்றாண்டு மலரில் அவரது கதையை அவர் கட்டிய கட்டடங்களின் வழியே சொல்லிப் பார்க்க விரும்புகிறோம். கட்டடங்கள் மனிதரைவிட நேர்மையானவை. கட்டியவர் என்ன நினைத்தார் என்பதையும் அவை காட்டும். அவர் நினைக்காதது என்ன நடந்தது என்பதையும் காட்டும்.

பொன்னம்பலம் இராமநாதன் 1851 ஏப்ரல் 16இல் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டவர். தாய்மாமன் சேர் முத்துக் குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. மூத்தவர் குமாரசுவாமி, நடுவில் இராமநாதன், இளையவர் அருணாசலம் என மூன்று சகோதரர்கள். இராமநாதன் கொழும்பு அக்கடமியிலும், அதாவது இன்றைய றோயல் கல்லூரியிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1879இல் மாமனார் காலமானபோது அவரது ஆசனம் மருமகனுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 28. 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றினார். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று முழு நாட்டுக்கும் பிரதிநிதியானார். 1915 கலவரத்தின் பின் சிறையிலிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக, உலகப் போர் நடந்துகொண்டிருந்த கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று வாதாடினார். திரும்பி வந்தபோது அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெரியவர்களே இழுத்துச் சென்ற கதையை நாம் எல்லோரும் ஐந்தாம் வகுப்பிலேயே எழுதியிருக்கிறோம். ஆதலால் அரசியலை இத்துடன் விட்டுவிடுகிறோம்.

அவருடைய உள்வாழ்வு வேறாயிருந்தது. தஞ்சாவூரில் வாழ்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு வேதாந்த சித்தாந்தம் பயின்றார். பகவத்கீதைக்குத் தமிழில் உரை எழுதினார். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கும் சைவ ஞான நோக்கில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். 1905இலும் 1906இலும் அமெரிக்காவில் பல நகரங்களில் விரிவுரை செய்தார். அந்தப் பயணத்தில் உடன் சென்றவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஹரிசன் அம்மையார். அவரே பின்னர் லீலாவதி என்ற பெயருடன் இராமநாதனின் இரண்டாவது மனைவியாகி, எமக்கெல்லாம் லேடி இராமநாதன் ஆனவர்.

பெண்களுக்கு ஒரு கல்லூரி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி இராமநாதனுடன் தொடங்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டார்கள். வேம்படியும் சுண்டிக்குளியும் அதன்பின் வந்தன. அங்கே படித்த எங்கள் பாட்டிமாரின் ஆங்கிலமும் தையலும் கையெழுத்தும் இன்றுவரை பேசப்படுகின்றன. ஆனால் சைவக் குடும்பங்கள் பிள்ளையை அங்கே விடுதியில் விடத் தயங்கின. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கி ஆண் பிள்ளைகளுக்கு வழி காட்டியிருந்தார். பெண் பிள்ளைகள் உயர்வகுப்புவரை தங்கிப் படிக்க, திருநீறு அணிந்தபடியே படிக்க, பெரிய இடம் ஒன்றும் இருக்கவில்லை. உடுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், மருதனார்மடத்தில், தம் சொந்தப் பணத்தில் இராமநாதன் அந்த இடத்தைக் கட்டினார். 1913இல் கல்லூரி திறக்கப்பட்டது.

முதல் பெண் அதிபரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த மாணவிகளுக்கு அவரது பெயரே தெரியாது. புளோரன்ஸ் பார் என்ற அந்த அம்மையார் 1860இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாடக நடிகை. பேர்னாட் ஷோவின் நாடகத்தை இலண்டன் அரங்கில் 1894இல் மேடையேற்றி அதிலே நடித்தவர். அயர்லாந்துக் கவிஞர் யேற்ஸின் நெருங்கிய தோழி. நரம்பிசைக் கருவியொன்றை மீட்டியபடி கவிதையை இசையோடு சொல்வதில் பேர்பெற்றவர். அவருடைய நண்பர்கள் இருவருமே பின்னாளில் நொபெல் பரிசு பெற்றார்கள். இராமநாதனை 1902இல் இலண்டனில் சந்தித்தபோதே, என்றாவது தாம் ஒரு பெண்கள் கல்லூரி கட்டினால் அங்கு வந்து பணிபுரிவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 52ஆவது வயதில், அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு 1912இல் கப்பலேறினார்.

இலண்டன் மேடையின் விளக்குகளைப் பார்த்த ஒருவர், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கணக்கு வழக்கையும் விடுதிச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க எமக்கு இப்போதும் வியப்பாயிருக்கிறது. தமிழையும் படிக்க முயன்றார். அவரை நோய் வென்றது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தும் பயனின்றி 1917 ஏப்ரலில் கொழும்பில் காலமானார். யேற்ஸ் பின்னர் எழுதிய கவிதையொன்றில் அவரை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் பிறந்த நாட்டு இலக்கிய வரலாறுகளில் அவர் பெயர் உண்டு. எமது கல்லூரியை அந்த நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாமும் அவரை ஒரு வரியில் கடந்துவிடாதிருப்போம்.

அவருக்குப் பின் லேடி இராமநாதன் கல்லூரியைத் தம் கையில் எடுத்துக்கொண்டு நீண்டகாலம் நடத்தினார். சேலை கட்டி, பொட்டிட்டு, சைவ ஆசாரம் தவறாது வாழ்ந்த அந்த வெள்ளைக்கார அம்மாவைப் பற்றி எங்கள் தாய்மார் சொன்ன கதைகளுக்கு இந்த மலர் முழுவதும் போதாது. 1953இல் அவர் காலமானார்.

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். ஆனால் அதற்கு முன் கொழும்புக்கு ஒருமுறை போய்வர வேண்டும், இளைய சகோதரர் அருணாசலத்துக்காக. கேம்பிரிட்ஜில் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பொறுப்பாக நின்று எடுத்தவர். இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்து ஓயாது கேட்டவர். அரசாங்கம் கடைசியில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இணங்கியபோது அதற்கு இடம் இல்லை. புதிதாகக் கட்டக் காலமும் இல்லை. அப்போது கைகொடுத்தது ஒரு மாளிகை. ஆதர் டி சொய்சா என்ற பெருஞ்செல்வர் தேர்ஸ்டன் வீதியில் 1912இல் தம் மனைவியின் பெயரால் கட்டிய ரெஜினா வளவு அது. 1920இல் அரசாங்கம் அதை வாங்கிப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொடுத்தது. ஒரு குடும்பத்தின் விருந்துக்கும் கொண்டாட்டத்துக்குமென எழுந்த மாளிகையில் 1921இல் மாணவர்கள் குறிப்புப் புத்தகத்துடன் நுழைந்தார்கள். கல்லூரி இல்லம் என்று பெயர் மாறிய அந்த மாளிகையில்தான் இன்றும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நிருவாகம் நடக்கிறது.

அதே 1921இல் தமையனார் திருநெல்வேலியில் ஆண் பிள்ளைகளுக்கெனப் பரமேசுவராக் கல்லூரியைத் திறந்தார். அவருக்கு அரசு சேர் பட்டம் வழங்கியதும் அதே ஆண்டில்தான். தம்பியின் கனவு கொழும்பில் இன்னொருவருடைய மாளிகைக்குள் குடிபுகுந்தது. தமையனோ தம் கல்லூரிக்கான இடத்தைத் தாமே கட்டினார். இராமநாதனுக்குக் கொழும்பு வார்ட் பிளேசில் சுகஸ்தான் என்ற மாளிகை இருந்தது. ஆனாலும் அவர் பணத்தைக் கொட்டியது வடக்கிலே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவிலே. வளவுக்குள் சிவன் கோயிலும் எழுப்பினார். படிப்பும் பூசையும் ஒரே மதிலுக்குள் இருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. ஆண்களுக்குத் திருநெல்வேலி, பெண்களுக்கு மருதனார்மடம். நடுவிலே சில மைல் தூரம். அந்தத் தூரமும் அவரது கொள்கைதான்.

இங்கே ஸ்தாபகர் தினப் பேச்சுகளில் நாம் சொல்லாது விடும் ஒரு பகுதி வருகிறது. 1927 இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து, யாருக்கு வாக்குரிமை கொடுக்கலாம் என்று விசாரித்தது. அந்த டிசெம்பரிலேயே கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து ஆணைக்குழுவின் முன் சென்று கேட்டார்கள். சேர் இராமநாதன் எதிர்த்துச் சாட்சியம் சொன்னார். எல்லாருக்கும் வாக்கு என்பதை அவர் ஏற்கவில்லை. பெண்களுக்கு அது வேண்டாம் என்றார். சாதியால் தாழ்த்தப்பட்டோருக்கும் வேண்டாம் என்றார். பெண்களுக்கென்று கல்லூரி கட்டித் திறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே படித்து வெளியேறிய பெண்கள் அப்போது வளர்ந்த பெண்கள், தாய்மார், சிலர் ஆசிரியைகள்.

இதை எழுதலாமா என்று மலர்க்குழுவில் நாம் நீண்டநேரம் பேசினோம். நூற்றாண்டில் ஏன் இந்தக் கதை என்று மூத்த அக்காமார் சிலருக்கு மனவருத்தம். ஆனால் எம்மை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் பழக்கியது அந்தக் கல்லூரிதான். அவர் பெண்ணுக்குக் கல்வி வேண்டுமென்றது நல்ல சைவ இல்லத்தரசியை, நல்ல தாயை உருவாக்குவதற்கு. பெண் தன் தீர்ப்பைத் தானே சொல்வதற்கு அல்ல. அந்தக் காலத்துப் பெரிய மனிதர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது உண்மை. அதே காலத்தில் அப்படி நினைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. அவருடைய சொந்தத் தம்பி அருணாசலம் தொழிலாளருக்காகச் சங்கம் அமைத்தவர், வாக்குரிமையை விரிவாக்கக் கேட்டவர். எனவே காலத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட எமக்கு மனம் வரவில்லை.

1930 நவம்பரில், 79ஆவது வயதில் சேர் இராமநாதன் காலமானார். அவரது சமாதி எமது கல்லூரி வளவிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1931இல், அவர் வேண்டாமென்ற சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 21 வயதான எவரும், ஆணோ பெண்ணோ, வாக்களிக்கலாம் என்றாயிற்று. 1932இலேயே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்திலோ வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டு அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் எமது பகுதி 1934வரை காத்திருந்தது. அப்போது காங்கேசன்துறையிலிருந்து சபைக்குச் சென்றவர் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர் அருணாசலத்தின் மகன் மகாதேவா.

நடேசபிள்ளை அவர்கள் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தவராகவே ஆகிவிட்டவர். பரமேசுவராவின் அதிபராயிருந்தவர், பின்னர் அமைச்சரும் ஆனவர். தமிழிலும் இசையிலும் ஊறியவர். 1960இல் எமது கல்லூரிக்கு அருகிலேயே இராமநாதன் சங்கீத அக்கடமியை அவர் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் அதன் முதல் அதிபராகச் சென்னையிலிருந்து வந்தார். மாலையில் விடுதி யன்னலோரம் நின்றால் அவரது பாட்டுக் கேட்கும் என்று அந்நாளைய விடுதி மாணவிகள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கணக்குப் பாடம் ஓடாததற்கு அதுவே காரணம் என்றும் சொல்வார்கள்.

பல்கலைக்கழகம் வந்தது 1974இல். தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை பழையது. அது திருகோணமலையில்தான் அமைய வேண்டும் என்று ஒரு சாரார் உறுதியாக நின்றார்கள். யாழ்ப்பாணம் என்று இன்னொரு சாரார். தரப்படுத்தலால் எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் தடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க திறந்துவைத்தார். பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். கொழும்பில் 1920இல் எழுந்த அதே கேள்வி இங்கும் எழுந்தது: இடம் எங்கே? விடையும் அதேதான். இருக்கிற கட்டடத்தை எடுத்துக்கொள். கலைப் பிரிவு பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களுக்குள் வந்தது. விஞ்ஞானம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. 1975இல் மருதனார்மடத்து அக்கடமியும் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அது பின்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று வழங்கப்பட்டது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

பரமேசுவராவின் பழைய மாணவர்களுக்கு அதில் ஒரு துக்கம் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது, ஆனால் அவர்களுடைய கல்லூரி இல்லாமற்போயிற்று. எமக்குக் கல்லூரி இருக்கிறது, நூற்றாண்டு மலர் வெளியிடுகிறோம். அவர்களால் அது முடியாது. அந்த அண்ணாமாரை இங்கே நினைக்காமல் விடக்கூடாது.

அதன்பின் அந்தச் சுவர்கள் பட்டதை எம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் இரவோடிரவாக உலங்குவானூர்திகளில் வந்திறங்கியது அந்த வளவைச் சுற்றித்தான். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே வெறிச்சோடியபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. கல்லூரிகளும் இடம்பெயர்ந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் முதலில் செய்தது கூரையைப் பார்ப்பது. ஓடு போன இடத்தில் மழை இறங்கும். மழை இறங்கிய சுவரில் அரசு முளைக்கும். அரச மரத்தை வெட்டத் தயங்குவோம், அது வேரால் சுவரைப் பிளக்கும். இது யாழ்ப்பாணத்தில் ஆயிரம் வீடுகளின் கதை.

இவ்விடத்தில் ஒரு சொல், பணம் அனுப்பும் எமது சகோதரிகளுக்கு. பழைய கட்டடம் ஒன்றைத் திருத்த உதவி கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும்போது, எதனால் பூசப்போகிறார்கள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிப் பூசியவை. குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது, ஆகையால் அதற்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்தாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சில மாரியில் பூச்சு கல்லையும் சேர்த்துக்கொண்டு விழும். பார்க்கப் புதிதாக இருந்த ஒரு பழைய வீட்டின் முன்சுவர் அப்படிப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்ததை நாமே கண்டோம். செய்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது அருமை, செலவும் கூட. அப்படியிருந்தும் கேளுங்கள். வர்ணமடித்துப் பெயர்ப்பலகை வைப்பது ஒரு கிழமை வேலை. ஒழுக்குப் பார்ப்பது ஒவ்வொரு மாரிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை. அதற்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை, அதனால் யாரும் பணம் தருவதும் இல்லை.

திருநெல்வேலியில் பல்கலைக்கழக வாசலுக்குப் போகும் வீதிக்கு இராமநாதன் வீதி என்று பெயர். காலையில் அந்த வீதி முழுவதும் சைக்கிளும் ஸ்கூட்டியும். ஓட்டி வருவோரில் பெண் பிள்ளைகளே அதிகம். சட்டம் படிப்போர், மருத்துவம் படிப்போர், தமிழ் படிப்போர். ஆண்களுக்கென்று அவர் கட்டிய வளவு அது. பெண்களுக்கென்று கட்டிய வளவின் பக்கத்திலே, மருதனார்மடத்து நுண்கலை வளாகத்தில், ஆண் பிள்ளைகள் மிருதங்கத்தோடு பஸ்ஸில் இறங்குகிறார்கள். மூன்று சகோதரர்களில் இருவரின் பெயரால் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் விடுதிகள் உண்டு. அங்கே தங்கிப் படித்தவர்களும் எம்மில் இருக்கிறார்கள்.

போன பரீட்சைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் சிலர் திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். வளாகத்துப் பரமேசுவரன் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. எமது கல்லூரியில் படித்த மூன்று பிள்ளைகள் எம்மைக் கண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி திருநீற்றைக் கடதாசியில் மடித்துப் பேனைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒன்பது மணிக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டே, செருப்பை ஒரு காலில் மட்டும் கொளுவியபடி, பழைய கட்டடத்துப் பக்கம் ஓடினாள்.